சாமிக்குழிக்கு நான் எழுதிய அறிக்கை

1

அக்கரையில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. கப்பல் ஏறிய அன்றே மூளை வளர்ந்துவிடும் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. மதுரையில் இருந்தவரை பழங்காநத்தத்தில் தாய்மாமன் வீட்டுப் பின்கட்டில் பாயைச் சுருட்டிக்கொண்டு கிடந்தேன். அப்போது என்னிடம் ஒருவரும் மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை. மலாய் நாட்டுக்கு வந்து ஒரு சின்னத் துறைமுகத்து மீன் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்த பிறகு நிலைமையே வேறு. பெண்ணுக்கு எந்த இடம் பார்ப்பது, மாட்டுக்கு வயிறு ஊதினால் என்ன கொடுப்பது, எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு எழுதுகிறார்கள். நானும் கூச்சமே இல்லாமல் பதில் போடுகிறேன். அந்த மாட்டுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று நான் விசாரித்ததில்லை.

போன சித்திரையில் பேரையூருக்கு மேற்கே எங்கள் ஊரில் இருக்கும் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அண்ணன் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதியது. வாத்தியார் பேச்சை அப்படியே எழுதிவிடுவார்.

"தம்பி, நம்ம கண்மாய் மீனை இந்த வருசம் டவுன் காண்டிராக்டர் ஒருத்தர் மொத்தமா கேக்குறாரு. எண்ணெய் எஞ்சின் கொண்டாந்து சாமிக்குழி வரைக்கும் தண்ணிய இறைச்சு அம்புட்டையும் அள்ளிருவேங்கிறாரு. வீட்டுக்கு வீடு மீன் கொண்டாந்து இறக்கிருவாராம், நம்ம ஆளுக சேத்துல எறங்க வேண்டியதில்ல. நாட்டாமை மட்டும் குறுக்க நிக்கிறாரு. குழிய இறைச்சா பெறகு கண்மாய்ல மீனே இருக்காதுன்னு தாலுகா ஆபீசுல மனுக் குடுத்துட்டாரு. அங்கன, மீன் தெரிஞ்சவங்க யாராவது கேடு இல்லேன்னு எழுதிக் குடுத்தா பாக்கலாங்கிறாங்க. உன்னைய விட்டா மீன் தெரிஞ்சவன் யாரு? இங்கிலீசுல நாலு வரி எழுதி முத்திரை குத்தி அனுப்பு. காண்டிராக்டர் என்னையத்தான் கண்மாய்க்கு மேஸ்திரியா போடுறதா சொல்லியிருக்காரு."

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கேடு வருமா வராதா என்று எழுதிக் கொடுக்க நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது எனக்குத்தான் தெரியும். அதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

2

காலையில் ஏழு மணிக்குச் சைக்கிளை எடுத்தால் ஐஸ் கிடங்கைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போக வேண்டும். அந்தக் கிடங்கு வாசலில் ஐஸ் பாளங்களைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பவர் ஹமீது. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். இங்கே அண்ணனை 'அபாங்' என்பார்கள். நானும் அவரை அபாங் ஹமீது என்றுதான் கூப்பிடுகிறேன். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நெஞ்சில் வைத்து வணக்கம் சொல்வார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. தவறினால் தேவலை என்று நான் நினைத்த நாட்கள் உண்டு.

அவர் ஐஸ் தூக்கப் பிறந்தவர் அல்லர். ஆற்றுமுகத்தில் சொந்தமாகப் படகு வைத்திருந்தவர். அவரைக் கிடங்குக்கு அனுப்பியது என் பேனா.

எங்கள் ஆபீசைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று அறை, நான்கு மேஜை, ஒரு துரை. அந்தத் துரை சீமையில் ஏதோ ஓடையில் தூண்டில் போட்டுப் பழகியவர். அந்தத் தகுதியில் ஒரு கடலையே அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். யாராவது ஓரிடத்தில் புது மாதிரி வலை போட அனுமதி கேட்டால், அதனால் மீனுக்குக் கேடு உண்டா என்று பார்த்து ஒரு அச்சடித்த பாரத்தை நிரப்ப வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பாரத்தில் மூன்று கட்டம். அபாயம் இல்லை, அபாயம் சிறிது, அபாயம் பெரிது. ஏதாவது ஒன்றில் கோடு போட்டு, கீழே காரணம் எழுத வேண்டும். கடல் அந்த மூன்று கட்டத்துக்குள் அடங்கிவிடும் என்று யாரோ பெரிய படிப்புப் படித்தவர் முடிவு செய்திருக்கிறார்.

இந்த வேலைக்கு எனக்குப் பயிற்சி போதாது என்று யாரும் சொல்ல முடியாது. கப்பல் ஏறுவதற்கு முன் தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாக ஒரு வருஷம் இருந்தேன். கண்மாய்களில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று வருஷா வருஷம் அறிக்கை போக வேண்டும். முதல் தடவை நான் ஆர்வக்கோளாறில், "சார், நாளைக்குப் பஸ் பிடிச்சுப் பேரையூர்ப் பக்கம் போயி ரெண்டு கண்மாயப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

தலைமைக் குமாஸ்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எதுக்கு? கண்மாய் எந்திரிச்சு எங்கயும் போயிருச்சா?"

"இல்ல சார், தண்ணி எம்புட்டுக் கிடக்குன்னு..."

"போன வருசத்து ரிப்போர்ட்ட எடும். வருசத்த மட்டும் மாத்தும். வெயில்ல அலைஞ்சு கருத்துப் போனா பொண்ணு குடுக்க மாட்டான்."

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் வருஷத்தை மாற்றினேன். அன்று கற்ற வித்தைதான் இன்று வரை எனக்குச் சோறு போடுகிறது.

3

நான்கு வருஷத்துக்கு முன், இந்த ஊர்த் தவுக்கே ஒருவர், அதாவது சீனத்து முதலாளி, ஆற்றுமுகத்தில் மோட்டார் படகு கட்டி இழுக்கும் பொடிக்கண் வலை போட அனுமதி கேட்டார். கொசுவலை மாதிரி நெருக்கமான வலை. அதில் விரல் நீளக் குஞ்சு கூடத் தப்பாது. பெரிய மீன் சந்தைக்கு, பொடியெல்லாம் காயவைத்து வாத்துத் தீனிக்கும் தோட்டத்து உரத்துக்கும் என்று கணக்கு. பாரம் என் மேஜைக்கு வந்தது.

துரை புதிதாக வந்த சுறுசுறுப்பில், "நேரில் போய்ப் பார்த்து எழுது" என்று சொல்லிவிட்டார். தல்லாகுளமாக இருந்தால் தப்பித்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹமீதின் படகில் போனேன். என் மகள் ராஜத்தையும் கூட்டிக்கொண்டேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வேடிக்கை காட்டத்தான் கூட்டிப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மை என்னவென்றால், இத்தனை வருஷம் இருந்தும் என் மலாய் தேங்காய் வாங்கும் வரைக்கும்தான் வரும். அவளோ அந்தப் பாஷையிலேயே கனவு காண்கிறவள். தமிழில் திட்டினால் மலாயில் பதில் சொல்கிறாள். அவள் அம்மாவுக்கு அதில் தினமும் ஒரு பாட்டம் வருத்தம்.

ஆற்றுமுகம் முழுக்க அலையாத்திக் காடு. வேர்களெல்லாம் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும். ஹமீது படகை வேர்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு, ஒரு கை தண்ணீரை மொண்டு என்னிடம் காட்டினார். உள்ளங்கையில் கண்ணாடித் துணுக்குகள் போல என்னவோ துடித்தன. அவர் நிதானமாக ஏதோ சொன்னார்.

"இதெல்லாம் கடல்ல இருக்கிற மீனோட குஞ்சாம் அப்பா" என்றாள் ராஜம். "இங்க வந்து வளர்ந்து, பெரிசானதும் கடலுக்குப் போயிடுமாம். இங்க வாரிட்டா கடல்லயும் இருக்காதாம். அவங்க ஆளுங்க இங்க வலையே போடமாட்டாங்களாம், வெளியதான் போடுவாங்களாம்."

நான் சிரித்தேன். மதுரைச் சீமையில் பிறந்த ஒருவனால்தான் அந்த இடத்தில் அப்படிச் சிரிக்க முடியும். "எங்க ஊர்ல கண்மாய் வத்துனா ஊரே எறங்கி அம்புட்டு மீனையும் புடிச்சுருவோம்னு அவர்ட்டச் சொல்லும்மா. கண்மாய் வெடிச்சுக் கட்டாந்தரையாக் கெடக்கும். அடுத்த மழைக்குப் பாத்தா மறுபடி மீன் துள்ளும். மீன் மழையோட வார சரக்குன்னு சொல்லு."

அவள் சொன்னாள். ஹமீது கையில் இருந்ததை மெதுவாகத் தண்ணீரில் விட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாத்தையுமா புடிப்பீங்கன்னு கேக்குறார்."

"எல்லாத்தையும்தான்."

ஆபீசுக்கு வந்து 'அபாயம் இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், மீன்வளம் பருவ மழையோடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்றும், இது என் சொந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கண்ட உண்மை என்றும், நல்ல இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். துரை படித்துவிட்டு என் தோளில் தட்டினார். அந்த மாதமே வேலை நிரந்தரமாயிற்று. சந்தோஷம் தாங்கவில்லை. அறிக்கைக்கு இன்னொரு பிரதி எடுத்து, ஆபீசு முத்திரை குத்தி, துரையிடம் கையெழுத்தும் வாங்கி அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் ஒரு பூ வைப்பதாக எழுதினார்.

தவுக்கேயின் படகுகள் இரண்டு பருவம் ஓடின. மூன்றாம் பருவத்தில் அவரே படகை விற்றுவிட்டு ரப்பர் வியாபாரத்துக்குப் போய்விட்டார். ஆற்றுமுகத்தில் வாருவதற்கு ஒன்றும் இல்லை. வெளியே கடலிலும் ஹமீது ஆட்களின் வலை வெறும் பாசியோடு வந்தது. மழை என்னவோ வழக்கம் போலத்தான் பெய்தது. ஒவ்வொரு படகாகக் கரையேறிற்று. ஹமீதின் படகை அடுப்புக்கு உடைத்தார்கள்.

4

இப்போது எங்கள் கண்மாய்க்கு வருகிறேன். நான் ஹமீதிடம் சொன்னது பொய் என்று எனக்கே அப்போது தெரியாது என்பதுதான் இதில் கேவலம்.

வைகாசியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஊரே கரையில் கூடும். அதுவரை ஒருவன் தூண்டில் போடக்கூடாது. நாட்டாமை கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், ஆணும் பெண்ணும் கூடையும் வலையுமாகச் சேற்றில் விழுவார்கள். கெண்டை, கெளுத்தி, விரால், எது அகப்பட்டாலும் சரி. அன்று ஊர் முழுக்க மீன்குழம்பு மணக்கும். எனக்கு ஞாபகம் இருந்தது அந்த ஓட்டமும் குழம்பும்தான்.

கண்மாயின் ஆழத்தில், மடைக்குப் பக்கத்தில், ஒரு குழி உண்டு. எந்தக் கோடையிலும் அதில் நாலடித் தண்ணீர் நிற்கும். அதற்குப் பெயர் சாமிக்குழி. அதில் ஒருவரும் இறங்கமாட்டார்கள். விரட்டுப்பட்ட மீனெல்லாம் அதற்குள் போய்ச் சேரும். போனால் போனதுதான், அய்யனாருக்குச் சொந்தம். வருஷா வருஷம் இரண்டு பேர் கம்போடு அந்தக் குழிக்குக் காவல் நிற்பார்கள். அதில் ஒருவர் என் அய்யா, என்னைப் பெற்றவர். அவர் கூடை எடுத்து மீன் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

மதுரையில் படிக்கப் போய், இரண்டு கூட்டத்தில் பிரசங்கம் கேட்டு, மூட நம்பிக்கை என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டு ஊருக்கு வந்த வருஷம், அப்படி ஒரு மீன்பிடி நாள். கிராப்பு வெட்டியிருந்தேன். காவலுக்கு நின்ற அய்யாவிடம் போய், ஊரார் காதில் விழும்படி கேட்டேன். "ஏய்யா, சாமி மீன் திங்குமா?"

அய்யா கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "திங்காதுடா. அதுனாலதான் சாமிக்குன்னு விட்டுருக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. கிழவருக்குப் பதில் தெரியவில்லை, மழுப்புகிறார் என்று என் தோழர்களிடம் சொல்லிக்கொண்டேன். அந்தக் குழியை அத்தோடு மறந்தும் போனேன். அலையாத்திக் காட்டுக்குள் படகில் உட்கார்ந்து, "எல்லாத்தையுமா புடிப்பீங்க?" என்று ஒரு மனுஷன் கேட்டபோதுகூட அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அண்ணன் கடிதத்தில் சாமிக்குழி என்ற வார்த்தையைப் படித்த பிறகுதான் வந்தது. படித்தவன் என்று மார் தட்டிக்கொள்கிற மண்டைக்குள் அவ்வளவு நாள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அய்யா போய்ச் சேர்ந்தும் ஏழு வருஷம் ஆகிறது.

5

அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். குழியை இறைத்தால் அந்தக் கண்மாய் மீன் அத்தோடு சரி, மழை மீனைக் கொண்டுவராது, குழியில் மிஞ்சும் மீன்தான் மழைத் தண்ணீரில் பெருகுகிறது, காண்டிராக்டரைத் திருப்பி அனுப்புங்கள், நாட்டாமை சொல்வதுதான் சரி என்று எழுதினேன். இது வரைக்கும் நல்ல பிள்ளை மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

ராஜம் பக்கத்தில் நின்று படித்தாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஒன்றையும் விடமாட்டாள்.

"அப்பா, ஆற்றுமுகத்துல நடந்ததை எழுதலையே?"

"அது எதுக்கும்மா அவங்களுக்கு?"

"பெரியப்பா வீட்டுச் சுவத்துல உங்க பழைய தாள் மாட்டியிருக்கே. அதுல கேடு இல்லன்னுதானே எழுதியிருக்கீங்க. அது தப்புன்னு எழுதுங்க."

"அது வேற ஊர்த் தண்ணியப் பத்தின தாள். சுவத்துல தொங்குது. அதுக்கும் இதுக்கும் என்ன?"

அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து அவள் அம்மா, "புள்ள சொல்றதும் நெசந்தானங்க, ஒரு வரி சேத்து எழுதினா என்ன கொறஞ்சு போகுது?" என்றாள்.

என்ன குறைந்து போகும் என்று எனக்குத் தெரியும். பூ வைத்துக் கும்பிடுகிற தாள் அது. ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணன் அதைக் காட்டித்தான் பேசுவார். அது தப்பு, அதனால் ஒரு ஆற்றுமுகம் நாசமாயிற்று, அந்தத் தப்புக்குத்தான் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று என்று எப்படி எழுதுவது? எழுதவில்லை. உறையை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன்.

6

ஆடி கடைசியில் பதில் வந்தது. தபாலில் அல்ல. பழங்காநத்தத்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பியவர், கடிதமும் துணியில் கட்டிய ஒரு பொட்டலமும் கொண்டுவந்தார்.

"தம்பி, உன் கடுதாசி கெடைச்சுச்சு. நீ என்னத்தையோ பயந்துக்கிட்டு எழுதியிருக்கேன்னு வாத்தியார் சொன்னாரு. கடுதாசில முத்திரையும் இல்ல. சொவத்துல இருந்த உன் தாளைக் கழட்டிக் கொண்டு போயி ஆபீசுல குடுத்தோம். ஆபீசுக்காரரு அடியில இருந்த உங்க துரை கையெழுத்தையும் முத்திரையையும் பாத்தாரு. இது போதும்னுட்டாரு. நாட்டாமை மனுவத் தள்ளிட்டாங்க. அந்த மனுசன் அன்னைக்குக் கரையில ஒக்காந்தவரு எஞ்சின் நிக்கிற வரைக்கும் எந்திரிக்கல. ரெண்டு நாள்ல குழி காலி. அடேயப்பா, ஒவ்வொரு விராலும் எம்புட்டு நீளங்கிற. அம்புட்டும் சினை மீனு. உனக்குச் சினை புடிக்குமேன்னு தனியா எடுத்து உப்புப் போட்டுக் காய வச்சு அனுப்பியிருக்கேன். புள்ளைக்கும் குடு."

ஆபீசுக்காரர் தாளை ஒரு வரி படித்திருந்தால், அது கடலுக்கு அப்பால் ஒரு ஆற்றுமுகத்தைப் பற்றியது என்று தெரிந்திருக்கும். படிக்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவர் செய்ததும் தல்லாகுளத்து வித்தைதான்.

பொட்டலத்தைப் பிரித்தேன். மஞ்சள் மஞ்சளாகக் காய்ந்த மீன் முட்டை, பாளம் பாளமாக. பாதியை என் மனைவி அன்று மதியம் வறுத்தாள். ராஜம் தொடவில்லை. நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது; அதையும் சொல்லிவிடுகிறேன்.

மீதியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் ஐஸ் கிடங்கில் இறங்கினேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஏதோ கொடுத்தால் மனசு ஆறும் என்ற நினைப்பு. ஹமீது வழக்கம் போல நெஞ்சில் கை வைத்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பாளத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். அவர் கேட்டது எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு ராஜம் தேவைப்படவில்லை.

"எந்த ஊர்த் தண்ணீர்?"

"என் ஊர்."

"அங்கேயும் தாள் எழுதியது யார்?"

"நான்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பாளத்தைத் துணிக்குள் வைத்து, முன்பு இருந்தபடியே முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐஸ் தூக்கப் போனார். அதற்குப் பிறகும் தினமும் வணக்கம் சொல்கிறார். நான்தான் பாதையை மாற்றிக்கொண்டேன். இப்போது கோயில் தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

7

இதைப் படிப்பவர்களில் பேரையூர்ப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் ஒரு உபகாரம் செய்ய வேண்டும். ஐப்பசி மழை முடிந்து கண்மாய் நிரம்பிய பிறகு, கரைமேல் சற்று நேரம் நின்று, மீன் துள்ளுகிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். வருஷத்தை மாற்றி எழுத இங்கே நான் ஒருவன் போதும்.

இன்னொன்று. ஆபீசிலிருந்து அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, அண்ணன் பழையபடி கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாராம்; பொட்டலம் கொண்டுவந்தவர் சொன்னார். முன்பு வெள்ளிக்கிழமைதான் பூ, இப்போது தினமும். அதைக் கழற்றச் சொல்லி, ஆற்றுமுகத்துக் கதை முழுவதையும் விவரமாக எழுதி நான்கு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. யாராவது அந்த வீட்டுக்குப் போனால் அதை இறக்கிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். முத்திரை இல்லாமல் நான் எது சொன்னாலும் அண்ணன் நம்பமாட்டார்.